பச்சை நாற்காலியில் உட்கார்ந்து போனவர்

வெள்ளைக்கார ஆபீசர் வீட்டுக்கு வந்தபோது நான் திமிரில் எழுந்து நிற்கவில்லை என்று இந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். தவறு. கான்வென்டில் படித்தவள் நான். பெரியவர் யார் வந்தாலும் எழுந்து நிற்பேன். அன்று எழ முடியாத காரணம் இருந்தது.

மலாயாவில் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார ராணுவம் தேடிய அவசரகாலம்... கேமரன் மலையில், தானா ராத்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் பெரிய கிராணி, ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. துரை பங்களாவில் கழித்துவிட்ட பச்சைத் துணி குஷன் நாற்காலி எங்கள் கூடத்தில் கிடந்தது.

ஒரு மதியம் டிஸ்பென்சரிக்குப் போய்த் திரும்பினேன். கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தால், மக்கிய இலை வாசனை.

நாற்காலியில் பழுப்புக் கறை. தலை, தோள், முதுகு, தொடை... ஓர் ஆள் இன்னும் உட்கார்ந்திருப்பது போல.

தொட்டேன். அந்தக் குளிரில் ஈரம் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது.

அரிசி குறையவில்லை. மீன் டின் குறையவில்லை. வந்தவர் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் காட்டு ஆட்களுக்கு இடம் கொடுத்தார் என்ற சந்தேகமே போதும், என் கணவரைக் கம்பிவேலி போட்ட தடுப்பு முகாமுக்குள் தள்ளிவிடுவார்கள்.

கறையைத் தேய்த்தால் பரவும், ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஒற்றினேன். துணி நனைந்தது, கறை குறையவில்லை. குஷனுக்குள்ளிருந்து ஊறி வந்துகொண்டே இருந்தது.

வாசலில் ராணுவ லோரி நின்றது. நாற்காலி முதுகில் சால்வையை விரித்து, அதிலேயே உட்கார்ந்தேன்.

ஆபீசரை அழைத்து வந்த என் கணவர் குனிந்தார்.

"ராஜம், எழுந்திரு. மானம் போகுது லா."

"தலை சுத்துதுங்க. எழுந்தா விழுந்துடுவேன்."

"மகாராணி மாதிரி உக்காந்திருக்கியே."

"கிராணி பொண்டாட்டிக்கு மயக்கம் வரக்கூடாதா?"

ஆபீசர் கையசைத்துவிட்டு உள்ளே போனார். அலமாரி, கட்டிலடி எல்லாம் தேடினார்கள். என் முதுகில் ஈரம் ஆறவில்லை... சூடு ஏறியது. பிடரியில் யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள். மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

லோரி போனதும் எழுந்தேன். என் கணவர் கறையைப் பார்த்தார்.

"யாரு ராஜம்?"

"அத நான்தான் ஒங்களக் கேக்கணும். இன்னொரு சாவி ஒங்ககிட்டதான இருக்கு."

நான் உள்ளே விட்டேன் என்று அவர் நினைத்தார்; அவர்தான் என்று நான் நினைத்தேன். அவர் இறக்கும்வரை இருவரும் அதைப் பேசவேயில்லை.

இப்போது மகள் வீட்டு சோபாவில் காப்பி சிந்தினால் ஸ்ப்ரே அடிக்கிறாள், போய்விடுகிறது. அந்த நாற்காலியை வினிகரில் துடைத்தோம், வெயிலில் போட்டோம். பனி இறங்கும் நாட்களில் தோள்கள் மறுபடி தெரியும்.

பூட்டிய கிராணி வீட்டில் உட்கார்ந்து போனதாகவும், சாவி கொடுத்தது யார் என்றும் உங்கள் வீட்டுப் பெரியவர் எவராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். போனில் வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.