ராகுகாலத்துக்குள் நிலாவில் இறங்கிய அண்ணன்

என் மகள் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் குவீன்ஸ்டவுன் மூவறை வீட்டை நிலாவுக்குக் கொண்டுபோனாள். முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தாள். “மூணு நாள் வெளிய போகாம வீட்டுக்குள்ளயே இருக்கணும்பா. முடியுமா?” வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு உருப்படியாக எதுவும் செய்யாமல் இருப்பதில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. எழுத்தாளன் என்று அதற்குப் பெயர். சம்மதித்தேன்.

அவள் பொறியியல் கடைசி வருடம். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாலைவனத்தில் நிலாக் குடியிருப்பு ஒன்றைப் பாவனையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வருங்காலத்தில் நிஜமாகவே நிலாவுக்குப் போய்க் குடியிருப்பதற்கான ஒத்திகை. அதில் ஒரு மாதம் தங்கச் சில மாணவர்களைத் தேர்ந்தெடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பத்தோடு ஒரு குறிப்பேடு தர வேண்டும். சாதாரண மனிதர்கள் மூடிய வீட்டுக்குள் எழுபத்திரண்டு மணி நேரம் இருந்ததற்கான கணக்கு, மணிக்கு மணி, நடுவில் அறுபடாமல். திங்கட்கிழமை நண்பகலுக்குள் அனுப்பியாக வேண்டும். நடுவில் அறுந்தால் மறுபடி தொடங்க நேரம் கிடையாது. இரண்டு வருடமாக அவள் இதைத் தவிர வேறெதையும் பேசவில்லை. யாரையாவது காதலிக்கக்கூடாதா என்று என் மனைவி ஒருமுறை கேட்டே விட்டாள்.

விதிகள் ஃபிரிஜ்ஜின் கதவில் ஒட்டப்பட்டன. ஜன்னல்கள் மூடியிருக்கும். நடைபாதையைப் பார்த்த சமையலறை ஜன்னல் மட்டும் ஒரு விரல் அளவு திறந்திருக்கும். அதில் ஒரு சின்ன மின்விசிறி. அதன் பெயர் ஆக்சிஜன் இயந்திரம். கூடத்துச் சுவரில் கரியமில வாயுவை அளக்கும் பெட்டி ஒன்று. அதில் சிவப்பு விளக்கு தொடர்ந்து பதினைந்து நிமிடம் எரிந்தால் நாங்கள் அனைவரும் இறந்துவிட்டதாக எழுதிக் குறிப்பேட்டை மூடிவிட வேண்டும். வாசற்கதவை மூன்று நாளில் ஒரே ஒரு முறை திறக்கலாம், பூமியிலிருந்து சரக்குக் கலம் வரும்போது. அந்தக் கலம் ஞாயிறு மாலை தேக்காச் சந்தையிலிருந்து காய்கறியோடு வருவதாக ஏற்பாடு.

கதவுக்கு உள்பக்கம், செருப்பு அலமாரியைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் திரை தொங்கியது. அது ஏர்லாக். உள்ளே வருபவர்கள் அதற்குள் ஐந்து நிமிடம் நின்று நிலாத் தூசியைப் போக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி கண்ணாடித் தூள் மாதிரி அறுக்குமாம். திரையைத் தைத்துக் கொடுத்த தேக்கா மாடித் தையற்காரர் “சாமி ரூமுக்கா?” என்று கேட்டிருக்கிறார். ஏர்லாக்குக்கு என்று மகள் சொல்ல, “அதுக்கும் ஓரத்துல ஜரிகை வச்சா நல்லாருக்கும்” என்றாராம்.

கடைசி விதிதான் வம்பானது. நிலாவிலிருந்து பேசினால் குரல் பூமிக்குப் போக ஒரு நொடிக்கு மேல், பதில் திரும்பி வர இன்னொரு நொடிக்கு மேல். ஆகவே தொலைபேசியில் யார் என்ன கேட்டாலும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் நிலா எனக்குப் பிடித்திருந்தது. நிஜ நிலாவில் எரிமலைக் குழம்பு ஓடிய குகைகளுக்குள் ஆட்கள் குடியிருக்கக்கூடும் என்றாள் மகள். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. தென்துருவத்துப் பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதால் எல்லா நாட்டுக்கும் அந்த ஓரம்தான் வேண்டுமாம். நான் கடலை மூடி நிலம் செய்ய மணல் தேடி அலைந்த ஊர்க்காரன். அங்கேயோ மணலைத் தவிர ஒன்றும் இல்லை, கடல் என்று பெயர் வைத்த இடத்தில்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கே போக ஆட்கள் முண்டியடிப்பது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. நாங்கள் முதலில் வரிசையில் நின்றுவிட்டு, அப்புறம்தான் எதற்கு வரிசை என்று கேட்பவர்கள்.

சனிக்கிழமை காலை அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

அவர் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. காரணம் நான் எழுதிய ஒரு கட்டுரை. உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பற்றியது. அதில் ஒருவர் கல்யாண விருந்துக்குப் போய்க் கைக்குட்டைகளைப் போட்டு ஒரு வரிசை நாற்காலி முழுவதையும் பிடிப்பார். நான் பெயர் எதுவும் போடவில்லை. ‘என் அண்ணன்’ என்றுதான் எழுதினேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

“நான்தான் பேசறேன்.”

ஒன்று, இரண்டு, மூன்று. “சொல்லுங்கண்ணே.”

“பையனுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. பத்திரிகை வைக்க நாளைக்கு நானும் உங்க அண்ணியும் வரலாம்னு இருக்கோம்.”

மகள் எதிரே நின்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். “வாங்கண்ணே” என்றேன்.

“இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா?”

ஒன்று, இரண்டு, மூன்று. “யோசிக்கலண்ணே.”

“யோசிச்சுத்தானே சொல்ற. சரி, நாலு மணிக்கு வர்றோம். நாலரைக்கு ராகுகாலம்.” வைத்துவிட்டார்.

“வேற நாள் வரச் சொல்லலாம்லப்பா?” என்றாள் மகள், மெதுவாக.

“மூணு வருஷம் கழிச்சு வர்றவர வராதீங்கன்னு சொல்லணும்னா மூணு செகண்ட் பத்தாதுடி. மூணு ஜென்மம் வேணும்” என்றாள் என் மனைவி.

கடைசியில் ஒரு திட்டம் போட்டோம். வந்ததும் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி, பத்திரிகையை ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வது. இப்போது யோசித்தால், மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து போட்ட திட்டம் போலவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தார்கள். அண்ணன் பட்டுக்கரை வேட்டி, அண்ணி பட்டுப்புடவை, கையில் வெற்றிலை, பழம், கற்கண்டு, நடுவில் பத்திரிகையோடு தட்டு. நான் ஆக்சிஜன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன்.

“அண்ணே, கோச்சுக்காதீங்க. நாங்க இப்ப நிலாவுல இருக்கோம்.”

“தம்பி என்ன சொல்றாரு?” என்று அண்ணி கேட்டது காதில் விழுந்தது.

“நிலாவுல இருக்கானாம். நாம பேசாம விட்டதுல இப்படி ஆயிட்டான்.”

மகள் என்னை நகர்த்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். “பெரியப்பா, ஸாரி. டோர் ஒரு தடவதான் ஓப்பன் பண்ணலாம். உள்ள வந்தீங்கன்னா நாளைக்குக் காலைல நைன் ஓ கிளாக் வரைக்கும் வெளிய போக முடியாது. போனா என் லாக் புக் கட் ஆயிடும். மறுபடி ஸ்டார்ட் பண்ண டைம் இல்ல.”

“அக்கா, அந்தப் பத்திரிகைய இப்படியே ஜன்னல் வழியா…” என்றாள் என் மனைவி.

“ஜன்னல்ல போடறது பீட்சா விளம்பரம்லா” என்றார் அண்ணி. “பத்திரிகைன்னா வாசப்படி தாண்டி உள்ள வரணும். ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு வாங்கணும். அங்கிட்டு ஒரு கால் இங்கிட்டு ஒரு கால்னு நின்னு குடுத்தா என் மகன் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்?”

மணி நாலு இருபது. பிறகு மகள் சொன்னாள், “பரவால்லப்பா. கதவத் தொறங்க. அவங்க வந்து குடுத்துட்டுப் போகட்டும்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. குறிப்பேட்டை மூடிப் பேனாவை அதற்குள் செருகிவிட்டாள்.

“எத்தன மணி நேரம் ஆச்சு?” என்று வெளியிலிருந்து அண்ணன் கேட்டார்.

“ஃபிஃப்டி ஃபைவ், பெரியப்பா.”

“இன்னும் பதினேழு.” அண்ணன் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “கப்பல் கெளம்பினப்புறம் நடுக்கடல்ல யாரையும் எறக்க முடியாது. எனக்குத் தெரியாதா. தொற. நாங்க தங்கறோம்.”

“எனக்கு மாத்துப் புடவை?” என்றார் அண்ணி.

“நிலாவுல யாரு பாக்கப் போறா.”

“ஜாலான் புசார் வீட்டுக்குப் பத்திரிகை?”

“வழியில நிலாவுல மாட்டிக்கிட்டோம்னு போன் போட்டுச் சொல்லு.”

நாலு இருபத்தேழுக்குக் கதவு திறந்தது. ஏர்லாக்கில் ஐந்து நிமிடம் நிற்க வைத்து, கையடக்கத் தூசி உறிஞ்சியால் மகள் இருவரையும் சுத்தம் செய்தாள். அண்ணனின் வேட்டிக் கரை பாதி உறிஞ்சிக்குள் போய் வெளியே வந்தது. திரையை விலக்கிக் கூடத்தில் கால் வைத்தபோது நாலு முப்பத்திரண்டு. அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார்.

“ராகுகாலம் வந்துடுச்சு. இப்பக் குடுக்க முடியாது. ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்.” தட்டு ஃபிரிஜ்ஜின் தலையில் ஏறியது. குறிப்பேட்டில் மகள் எழுதினாள்: ‘சரக்குக் கலம் வந்தது. வாழைப்பழம் ஆறு, வெற்றிலை ஒரு கட்டு, பெரியப்பா, பெரியம்மா.’ தேக்கா காய்கறி வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

ஐந்தே முக்காலுக்குள் நிலாவின் நிர்வாகம் அண்ணன் கைக்கு மாறிவிட்டது. தண்ணீர் பாட்டில்களை ஐந்தாகப் பிரித்தார். ஆக்சிஜன் இயந்திரம் கோணலாக இருப்பதாகச் சொல்லி அட்டை வைத்து நிமிர்த்தினார். பிறகு உட்கார்ந்து மகளிடம் விவரம் கேட்டார்.

“அந்தத் தென்துருவம் யாருக்குச் சொந்தம்?”

“யாருக்கும் சொந்தமில்ல பெரியப்பா. யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது. ஆனா யாரு மொதல்ல போய் சாமான வைக்கிறாங்களோ, அவங்க பக்கத்துல இன்னொருத்தர் போய் எறங்கறது கஷ்டம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அப்ப, கைக்குட்டை போட்டு எடம் புடிக்கிறது” என்றார். “பெரிய பெரிய நாடெல்லாம் செஞ்சா விஞ்ஞானம். நான் செஞ்சா இவன் கட்டுரை எழுதறான்.”

“அண்ணே, அது நகைச்சுவைக் கட்டுரை.”

“சிரிச்சவங்க எல்லாம் என்னப் பாத்துத்தானேடா சிரிச்சாங்க.”

மூன்று வருடமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் வந்தது. பாரந்தூக்கிகளின் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை அவருடையது. எனக்குக் குரல் இல்லாவிட்டாலும் வாய் உண்டு. நடுவே சமையலறையில் அண்ணி பருப்பு வேகவைத்துத் தாளிக்கத் தொடங்கியிருந்தார். நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான், கடுகு ஆறு மடங்கு உயரம் குதிக்கும் என்று மகள் எச்சரித்தாள். “அப்ப மூடி போட்டுக்கறேன்” என்றார் அண்ணி. ஆறு மணி தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை.

ஏழு பத்துக்குச் சுவரிலிருந்த பெட்டி கிறீச்சிட்டது. சிவப்பு.

மகள் ஓடி வந்தாள். “அடுப்ப நிறுத்துங்க. எல்லாரும் தரையில படுங்க. யாரும் பேசாதீங்க. பேசப் பேச மூச்சு அதிகமாகுது. ஃபிஃப்டீன் மினிட்ஸ்தான் இருக்கு.”

அடுப்பை நிறுத்த நான் போனேன். திரும்பி வருவதற்குள் எல்லோரும் படுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் கூடம் சோபாவும் மேசையும் போக ஒரு பாய் அகலம். எங்கே படுப்பதென்று தெரியாமல் நின்றேன். அண்ணன் படுத்தபடியே இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். தன் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் விரித்து, அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

போய்ப் படுத்தேன்.

ஐந்து பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அண்ணன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். எனக்கும் சொல்ல அருமையான பதில் ஒன்று தயாராக இருந்தது. விழுங்கினேன். பேசாமல் இருப்பது எங்கள் இருவருக்கும் புதிதல்ல, மூன்று வருடப் பயிற்சி இருந்தது. அது ஒருவருக்கு உதவப்போகிறது என்று அன்றுவரை தோன்றியதில்லை. மகள் கைக்கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு நிமிடம். பத்து. பன்னிரண்டு. பதிமூன்றாவது நிமிடத்தில் விளக்கு மஞ்சளானது. அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. பச்சை வரும்வரை எழக்கூடாது என்று சைகை காட்டினாள். மொத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் அண்ணன் தூங்கியிருந்தார். குறட்டை சிக்கனமாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு மகள் கதவைத் திறந்தாள். நடைபாதை வெயிலில் கண் கூசியது. அண்ணனும் அண்ணியும் கசங்கிய பட்டில் மின்தூக்கி வரை போனார்கள். அங்கே அண்ணி நின்றார்.

“ஐயோ, பத்திரிகை.”

அது ஃபிரிஜ்ஜின் மேலேயே இருந்தது. அண்ணி வேகமாகத் திரும்பி வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒம்போது மணியோட ராகுகாலம் முடிஞ்சுது. நல்ல நேரம்தான்.” வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, தட்டை எடுத்து, இருவரும் சேர்ந்து நின்று கொடுத்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று வாங்கினோம். பழத்தை முன்னிரவே சாப்பிட்டிருந்ததால் தட்டில் வெற்றிலையும் பத்திரிகையும் மட்டும் இருந்தன. என் மனைவி அண்ணிக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்தாள். பதினோரு மணிக்கு மகள் விண்ணப்பத்தை அனுப்பினாள்.

சில வாரம் கழித்து அவளைத் தேர்ந்தெடுத்ததாகக் கடிதம் வந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை ஏறிய கரியமில வாயு, நாற்பது நிமிடம் தொடர்ந்து இறங்கியதே, என்ன கருவி பயன்படுத்தினீர்கள்? கருவி இல்லை, குடும்பத்தில் இருவர் சண்டையை நிறுத்தினார்கள் என்று அவள் பதில் எழுதினாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நான்கு பேரைக் கூப்பிட்டு, தம் உதவியால்தான் பெண் நிலாவுக்குப் போகிறாள் என்று அறிவித்தார். பாலைவனம்தான் என்று நான் திருத்தவில்லை. பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“இதையும் எழுதப் போறியா?”

மண்டபம் பூமியில்தான் இருந்தது. இருந்தாலும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

“மாட்டேண்ணே.”

“யோசிச்சுத்தானே சொல்ற” என்றார்.