மெக்கானிக் வீட்டு சைலன்சர்

துருப்பிடித்த நட்டுக்கு அருள்ராணி நெயில் பாலிஷ் ரிமூவர் பூசிக்கொண்டிருந்தார். அதில் கொஞ்சம் ஆயில் கலந்திருந்தார். பூசியது, மணப்பெண்களின் கன்னத்தில் ரோஸ் தடவுகிற பிரஷால். அந்தப் பிரஷ் பிறகு எந்தப் பெட்டிக்குத் திரும்பும் என்று நான் கேட்கவில்லை. இப்போதைக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை என்பதால் கேட்காமல் இருக்க முடிந்தது.

அவர் மல்லாந்து படுத்திருந்தது வாய்க்காலில். பாலக்கோட்டுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி, அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் முன்னால் ஓடுகிற சிமெண்டு வாய்க்கால் அது. பங்குக் கிணற்றுத் தண்ணீர் முறை வைத்து அதில் பாயும். முறை இல்லாத நேரத்தில் காய்ந்து கிடக்கும். இரண்டு சக்கரம் இந்தக் கரையில், இரண்டு சக்கரம் அந்தக் கரையில் என்று தன் பழைய ஆம்னி வேனை அதன்மேல் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்திருந்தார். ஒர்க்‌ஷாப்காரர்கள் காசு செலவழித்துப் பள்ளம் வெட்டுகிறார்கள். அருள்ராணிக்குப் பொதுப்பணத்தில் கிடைத்துவிட்டது.

ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்தவள் நான். ரயில் நிலையத் தரையிலும் கப்பல் மேல்தளத்திலும் ஆட்கள் தூங்கிப் பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் இவ்வளவு சொகுசாக ஒருவர் படுத்து நான் பார்த்ததில்லை. தலைக்குக் கீழே விக் வைக்கிற ஸ்பாஞ்சு வேறு.

அருள்ராணிக்கு நாற்பத்தாறு வயது. தொழில், கல்யாண மேக்கப். மாரண்டஹள்ளியிலிருந்து அரூர் வரைக்கும் மண்டபங்களில் அவரை 'மேக்கப் அக்கா' என்றால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சேலையில் போவார். வந்ததும் நைட்டிக்கு மேல் கணவருடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவார். வைப்பர், பேன் பெல்ட், பிளக் எல்லாம் அவரே மாற்றியிருக்கிறார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வருஷமா சோத்துத் தட்டு முன்னாடி கேட்டுட்டு இருக்கேன் கண்ணு. இந்த மனுசன் ஒரு கையில சோறு, ஒரு கையில போனு. பிளக்க கழட்டுங்க, பைப்ப ஊதுங்கன்னு. ரேடியோ கேட்டே பாட்டு கத்துக்கறாங்க இல்லியா?"

இந்த மனுசன் என்பது கஸ்பார். பைபாஸ் ஓரத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். ஆமாம், அருள்ராணியின் கணவரே மெக்கானிக். மெக்கானிக் பெண்டாட்டி ஏன் வாய்க்காலில் படுக்க வேண்டும் என்பதற்கு ஊரில் பல விளக்கங்கள் உண்டு. உண்மை எளிமையானது: காசு கொடுக்கிறவர் வண்டி முதலில், சொந்தக்காரர் வண்டி பிறகு, வூட்டு வண்டி எப்போதாவது. போன மாதம் சைலன்சர் ஓட்டையானதும் அருள்ராணி ஆம்னியைக் கடையில் விட்டார். பதினோரு நாள் நின்றது. அதன் நிழலில் ஒரு நாய் குட்டி போட்டது; சைலன்சர் அப்படியே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அருள்ராணி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் கஸ்பாரின் கடைக்கு முன்னால் மட்டும் வண்டியை இரண்டாவது கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு போவார். செங்கல் லாரி கவிழ்கிற மாதிரி சத்தம் வரும். வேலைக்கு வண்டி விட வந்தவர்கள், "உங்க வூட்டு வண்டியே இந்தக் கதியா இருக்குதுங்களே" என்று கஸ்பாரைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

கஸ்பார் சைலன்சரை மாற்றியிருக்கலாம். வண்டியை விற்க முடிவு செய்தார். காரிமங்கலத்தில் ஆள் பிடித்துவிட்டார். இனிமேல் கல்யாணங்களுக்குத் தன் பைக்கில் கொண்டுபோய் விடுவதாகப் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"மூணு பெட்டி, நாலு விக்கு, பல்பு வெச்ச கண்ணாடி ஒண்ணு. கண்ணாடிய நான் புடிச்சுக்கிட்டா என்னைய யாருங்க புடிக்கறது?" என்று கேட்டார் அருள்ராணி.

ஒப்பந்தம் இப்படி ஆனது. ஞாயிறு மாலை நாலு மணிக்குள் அருள்ராணியே புது சைலன்சரை மாட்டி, எங்கேயும் கசியாமல் வண்டி ஓடினால், வண்டி அவருடையது. இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு வரும் காரிமங்கலத்து ஆளிடம் சாவி. கஸ்பார் கை வைக்கக்கூடாது. "வாயும் வெக்கக்கூடாது" என்று அருள்ராணி சேர்த்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் தீர்த்தமலையில் ஒரு பெண்ணுக்கு அலங்காரம். வண்டி போனால், அதோடு தொழிலும் போகும். அப்புறம் யார் வூட்டு வண்டியாவது இரவலுக்குக் கிடைக்கிற நாளில் மட்டும்தான் அவர் மேக்கப் அக்கா.

நாலு மணி என்பதைத் தேர்ந்தெடுத்தது வாய்க்கால். நாலு மணிக்குத்தான் மேலத் தோட்டத்துத் தீர்த்தகிரியின் முறை. அதுவரை மோட்டாரைத் தொடமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டு, தக்காளிக் கூடைகளோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

கஸ்பார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பழைய சைலன்சரை ஒர்க்‌ஷாப்பில் கேஸ் வைத்து ஒரு நிமிடத்தில் அறுத்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு நட்டும் ஒரு சம்பந்தி, கெஞ்சினால்தான் இளகும். பதினாலு நம்பர் ஸ்பேனரை மாட்டிக் குதிகாலால் எட்டி உதைத்தார் அருள்ராணி. சைலன்சரைத் தாங்குகிற ரப்பர் வளையங்கள் வர மறுத்தபோது தலைக்குப் போடுகிற கண்டிஷனரைத் தடவினார். வழுக்கிக்கொண்டு வந்தன. இரண்டரை மணிக்குப் பழைய சைலன்சர் அவர் நெஞ்சின்மேல் விழுந்து ஒரு படி துருவைக் கொட்டியது. கஸ்பார் நாற்காலியின் நுனிக்கு வந்து, வாயைத் திறந்து, ஒப்பந்தத்தை நினைத்து மூடிக்கொண்டார்.

மூன்று பத்துக்குப் புது சைலன்சர் தொங்கியது. முன்பக்க மூட்டில் புகை கசியாமலிருக்கப் பேக்கிங் வைத்து ஒரு நட்டு முடுக்கியாயிற்று. இன்னும் ஒன்றுதான்.

அப்போது வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

நான் தீர்த்தகிரிக்குப் போன் போட்டேன். அவர் வாக்குத் தவறவில்லை. மோட்டாரைத் தொடவில்லை. மும்முனைக் கரண்டு வந்தால் மோட்டார் தானாகவே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருந்தார், அவ்வளவுதான். இன்றைக்குக் கரண்டு சீக்கிரம் வந்துவிட்டது. மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பில், அவர் மார்க்கெட்டில்.

"தண்ணி வருது, ராணி" என்றார் கஸ்பார். இது சைலன்சரைப் பற்றிய பேச்சு அல்ல என்பதால் அனுமதிக்கப்பட்டது.

"வரட்டும். வெயிலுக்கு நல்லாத்தான் இருக்குது."

நைட்டி உப்பி மிதந்தது. தண்ணீர் காதுவரைக்கும் ஏறியது. ஸ்பாஞ்சு எங்கள் கண் முன்னால் தீர்த்தகிரியின் தக்காளியைப் பார்த்து மிதந்து கிளம்பியது. அதைப் பிடிக்க அருள்ராணி கையை நீட்டியபோது கடைசி நட்டு நழுவிச் சேற்றுத் தண்ணீரில் விழுந்தது.

கஸ்பார் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்தார். அதே அளவு. மெக்கானிக் பை அல்லவா. குனிந்து வண்டிக்கு அடியில் நீட்டினார்.

"உங்க கடை நட்டு வேண்டாங்க. அப்புறம் அத சொல்லியே பத்து வருஷம் சோறு திம்பீங்க."

கண்ணை மூடிக்கொண்டு, அடியில் படிந்த வண்டலைக் கையால் துழாவினார். அந்தக் கைக்கு இது புதிதல்ல. மண்டபத்துச் சாக்கடைத் துவாரங்களிலிருந்து மூக்குத்தித் திருகாணிகளை எடுத்துக் கொடுத்து, எத்தனையோ முகூர்த்தங்களை நேரத்துக்கு நடத்தி வைத்த கை அது. நான் போன் திரையில் மணி பார்த்தேன். மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தாறு. நாற்பத்தெட்டுக்கு, "அம்மாடி, வாம்மா" என்று நட்டிடம் சொல்லிவிட்டு முடுக்க ஆரம்பித்தார்.

கரையேறி வந்தபோது மூக்கு நுனி மட்டும் சுத்தமாக இருந்தது. கஸ்பாரை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார். எங்காவது கசிந்தால் பட்பட்டென்று காட்டிக்கொடுக்கும். வண்டி ஸ்டார்ட் ஆனது. பட்பட்டும் இல்லை, செங்கல் லாரியும் இல்லை.

கஸ்பாருக்கு அது போதவில்லை. தலையை நீட்டி, பின்பக்கக் குழாயை அடைத்தால்தான் தெரியும் என்றார். கடையில் அப்படித்தான் சோதிப்பார்கள். புகை போக வேறு வழியே இல்லையென்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். ஓட்டை இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அருள்ராணி ஈரத் துண்டைச் சுருட்டிக் குழாய் வாயில் வைத்துக் குதிகாலால் அழுத்தினார். எஞ்சின் இருமியது, நடுங்கியது, நின்றது.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றார்.

போட்டார். அழுத்தினார். நின்றது.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது முறை நின்றதும் கஸ்பார் சாவியிலிருந்து கையை எடுத்தார். பிறகு போனை எடுத்துக் காரிமங்கலத்துக்குப் போட்டு, தாழ்ந்த குரலில், வண்டி கொடுப்பதாக இல்லைங்க என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து ஆள் சுலபத்தில் விடவில்லை போலிருக்கிறது, பேச்சு நீண்டது.

அவர் பேசி முடித்துப் போனை வைக்கும்வரைக்கும், அருள்ராணி குழாயிலிருந்து குதிகாலை எடுக்கவில்லை.