ஜால்ரா இல்லாத பாட்டு

செய்தி ராஜி அக்காவின் கைப்பேசியிலிருந்தே வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் பெயரைப் பார்த்ததும், யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறார் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். "அக்கா இன்று விடியற்காலை தவறிவிட்டார். மாலா" என்று அவருடைய தங்கை எழுதியிருந்தார். தோசை அப்படியே கிடந்தது. "ஏன் பாஸ், நல்லா இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டார். காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப்போகிறேன். தெரியாதவர்களுக்காக: ராஜேஸ்வரி, கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையோடு ஒரு வரிசை வீட்டில் இருந்தார். முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு நிற்கும். ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் அங்கே கூடிப் பாட்டுக் கேட்போம். பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. முடிந்ததும் அக்கா ஏதாவது ஒரு வாத்தியத்தின் பெயரைச் சொல்லி, "கேட்டுச்சா?" என்பார். "கேட்டுச்சு" அல்லது "கேக்கல", இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குமேல் அலங்காரம் பேசினால் அன்றைக்குத் தேநீர் கிடையாது. காஜாங்கிலிருந்து வரும் முரளிதான் பெரும்பாலும் தேநீர் இல்லாமல் போவான்.

ஸ்பீக்கரை மாற்றினார், ஆம்ப்ளிஃபையரை மாற்றினார், ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் குறை எங்கே என்று கண்டுபிடித்தார். கோப்பில் இருக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் டிஜிட்டல் பெட்டி பழையது. "ஊத்துலயே தண்ணி கலங்கி வந்தா, கொழாய மாத்தி என்ன லா பண்றது?" என்றார். புதுப்பெட்டி பார்க்க அவரைப் பெட்டாலிங் ஜெயாவுக்கு நான்தான் அழைத்துப்போனேன். கடைப்பையன் என்னைப் பார்த்து, "பாஸ், உங்க ரூம் எவ்ளோ பெருசு?" என்று கேட்டான். அக்கா நடுவில் வந்து நின்றார். "ரூமு என்னோடது, காதும் என்னோடது. அவரு சும்மா கார் ஓட்டிட்டு வந்தவரு." பையன் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா கேட்ட பெட்டி கையிருப்பில் இல்லை, வந்ததும் வீட்டில் வைத்துக் கேட்டுப்பார்க்கத் தருகிறோம் என்றார்கள்.

பெட்டி வருவதற்குள் நோய் வந்துவிட்டது. நுரையீரலில் புற்று. கொடுக்கப்போகும் மருந்து காதில் மேல்சுருதிகளைக் கொண்டுபோய்விடக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்தார். அக்கா, "உசிரு இருந்தாத்தானே காதப் பத்திப் பேசலாம்" என்று சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். மருத்துவர் சொன்னபடியே நடந்தது. தவில் கேட்டது, மிருதங்கத்தில் கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கம் கேட்டது, ஜால்ராவும் மணியும் போயே போய்விட்டன. அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து பெட்டி வந்து சேர்ந்தது.

அக்கா எங்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே வரச் சொன்னார். என் முறை வந்தபோது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதியாய் இளைத்திருந்தார். ஒரு பழைய பக்திப் பாட்டை ஓடவிட்டு, "ஜால்ரா எப்படிடா கேக்குது?" என்றார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குக் கேட்கவில்லை. இந்த நிலைமையில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? என் காதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னொரு தடவை வைங்கக்கா" என்றேன். மறுபடியும் இல்லை.

"தவில் இருக்குக்கா, வயலின் இருக்கு. ஜால்ரா கேக்கல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. "அட பாவி, இந்தப் பாட்டுல ஜால்ராவே கெடையாதுடா! வந்தவங்கதான் அடிச்சிட்டுப் போனாங்க. முரளி என்ன சொன்னான் தெரியுமா? தங்கத்தூள் தூவுன மாதிரி இருக்காம்!"

மாலா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்: "சீக்காளின்னு எது சொன்னாலும் எல்லாரும் ஆமாங்கிறாங்க. கலர் வந்திருச்சுங்கிறாங்க, மொகம் தெளிஞ்சிருச்சுங்கிறாங்க. எனக்கு நெசத்தச் சொல்ல ஒருத்தன் வேணும் தம்பி." முப்பது வருடம் நோயாளிகளின் உறவினர்கள் பேசுவதைக் கேட்டவர் அவர். அந்தப் பேச்சு தன் பக்கம் திரும்பியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

அன்றே பெட்டியையும் தேர்ந்தெடுத்தோம். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, மாலா பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்றில் பாடுபவர் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பது கேட்டது, மற்றதில் கேட்கவில்லை. சொன்னேன். மூச்சு கேட்டது புதியதில்தானாம். "அப்ப வச்சுக்கலாம்" என்றார் அக்கா. "உங்களுக்கு வித்தியாசம் தெரியுதாக்கா?" என்று கேட்டேன். "இல்ல. ஆனா ஊட்டுக்கு வர்றவங்களுக்கு நல்லதத்தானே குடுக்கணும்?" என்றார்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது என் கையை இழுத்துத் தன் விலாவின்மேல் வைத்தார். "மூச்சு எப்படிக் கேக்குது?" என்றார். மாலா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. "கரகரன்னு கேக்குதுக்கா. நல்லா இல்ல" என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "சரி. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார். பிறகு மாலாவைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். வெளியே வரும்போது, "நீங்க சொன்னதாலதான் அக்கா எங்கிட்ட பேசுனாங்க அண்ணே" என்றார் மாலா.

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அந்த முன்னறையில் கூடினோம். மாலா புதுப்பெட்டியில் அதே பாட்டை வைத்தார். தவில், வயலின், அடிக்கு அடி அந்த மூச்சு. முடிந்ததும் அக்கா கேட்பதைப் போலவே மாலா, "கேட்டுச்சா முரளி?" என்றார். அவன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"கேக்கலக்கா" என்றான். "எனக்கு ஒண்ணுமே கேக்கல."

மாலா எழுந்துபோய் அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். ராஜி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பதும் 'கேக்கல' என்கிற அந்த ஒரு சொல்தான்.