மூக்கர் மோந்து சொன்னது

ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகித் திறந்ததும் மூக்கர் கண்ணை மூடிக்கொள்வார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார். குட்டிக் குட்டியாக மூன்று இழுப்பு, நீளமாக ஒன்று. பட்டறையில் பேச்சு அடங்கிவிடும். வண்டிக்காரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். நிமிர்ந்து, உதட்டை ஒருமுறை சப்பிவிட்டுத்தான் வாய் திறப்பார். "புகை தண்ணிக்குள்ள ஏறுது. ஹெட்ட எறக்கு."

மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்த இஞ்சின் மறுபடி கொதித்தால் மற்ற பட்டறைகளில் அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். குழாயில் காற்று அடைத்திருக்கலாம். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு சரியாகப் பதியாமல் போயிருக்கலாம். ஹெட்டிலேயே மயிரிழை போல விரிசல் விட்டிருக்கலாம். எதுவானாலும் தண்ணீர் குறையும், சூடு காட்டும் முள் ஏறும். காற்றடைப்பு என்றால் தண்ணீரில் வாடை இருக்காது, மற்ற இரண்டும் என்றால் எரிந்த பெட்ரோல் வாடை லேசாகத் தட்டும் என்பது அவர் கணக்கு. "ஹெட் வேலை பாத்த வண்டி பிரசவமான பொம்பள மாதிரி. கொஞ்ச நாளைக்கு எல்லாரும் கண்ணு வச்சிருப்பாங்க. நான் மூக்கு வச்சிருக்கேன்" என்பார்.

அந்த மூக்கை அவர் பேணியதும் தனி அழகுதான். சைக்கிளில் வரும்போது தூசி ஏறாமல் கைக்குட்டை கட்டியிருப்பார். வெல்டிங் நடக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பவுடர் பூசிக்கொண்டு வரும் வாடிக்கையாளரைப் பத்தடி தள்ளி உட்காரச் சொல்வார்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலில் அது போய்விட்டது.

முதலில் கண்டுபிடித்தது மனைவி. அவள் கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு ஓடிவந்தபோது அடுப்பில் பால் கருகிப் பாத்திரம் சிவந்துகொண்டிருந்தது. இரண்டடி தள்ளி இவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "பக்கத்துலயேதானே உக்காந்திருக்கீங்க?" என்றாள். "ஏதோ யோசனை" என்றார். இரண்டு நாள் கழித்து, அவர் கண்ணயர்ந்திருந்த நேரம், மண்ணெண்ணெய்த் துணியை அவர் மூக்கருகே பிடித்தாள். அவர் அசையவில்லை. அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வந்தா வரும்" என்றார். சாப்பாட்டில் சூடும் உப்பும் காரமும்தான் மிச்சம். "பட்டறையில சொல்லிடுங்களேன். யாரு என்ன சொல்லப்போறா?" என்று மனைவி கேட்டதற்கு அவர் சிரித்தார். "மூக்கில்லாத மூக்கர்னு பேரு வைப்பானுங்க." சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சொல்லாமலே சமாளித்தார். உதிரிபாகக் கடைகளில் ஒரு நீலத் தண்ணீர் விற்கிறது. குழாய் வழியாக ரேடியேட்டர் காற்றை அதற்குள் இழுத்தால், புகை கலந்திருந்தால் மஞ்சளாகிவிடும். முன்பு இதைக் காட்டிய கடைக்காரரிடம், "என் மூக்கு இருக்கறப்ப கலர் தண்ணி எதுக்குய்யா?" என்று ஊர் கேட்கக் கேலி பேசியவர் அவர். இப்போது தெரியாத கடையில் ஒரு புட்டி வாங்கி, கருவிப் பெட்டியில் கந்தலுக்கு அடியில் ஒளித்துவைத்தார். எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து சோதிப்பார். திரும்பி வந்ததும் அவர்கள் முன்னால் குனிந்து மூன்று இழுப்பு, நீளமாக ஒன்று.

வேன்காரம்மா வந்த அன்று பட்டறையில் கூட்டம். சிறுநீரகம் பழுதான ஆறு பேரை வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்ய ஏற்றிப்போகிறவர் அவர். இரண்டு வாரம் முன்பு அந்த வேனின் ஹெட் வேலையை மூக்கர்தான் செய்திருந்தார். "தண்ணி கொறையுதுண்ணே. நாளைக்கு டிரிப் இருக்கு, இப்பவே பாத்துடுங்க" என்றார். எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். கந்தலைக் கிளறிப் புட்டியை எடுக்க மூக்கருக்குக் கை வரவில்லை. குனிந்தார், இழுத்தார், உதட்டைச் சப்பினார்.

"சுத்தமா இருக்கு. ஏர் அடைச்சிருக்கு, அவ்வளவுதான்." காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி அனுப்பிவைத்தார்.

மறுநாள் நடுவழியில் வேன் கொதித்து நின்றது. மாற்று வண்டி வர மூன்று மணி நேரம். வெயிலில் ஆறு பேரும் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் முறை முடிந்திருந்தது. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ஐந்து பேர் தாங்கிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு விடிவதற்குள் மூச்சு முட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தும் அவர் கண் திறக்கவில்லை.

வேனைக் கயிறு கட்டி இழுத்துவந்து போட்டார்கள். மூக்கர் யாரையும் கிட்டே விடாமல் தானே ஹெட்டை இறக்கினார். கேஸ்கெட்டில் இரண்டாவது சிலிண்டரின் ஓரத்திலிருந்து தண்ணீர்த் துளைவரை, மை தொட்டு இழுத்ததுபோல ஒரு கருப்புக் கோடு. புகை ஓடிய தடம். சோதித்திருந்தால் நீலத் தண்ணீர் நொடியில் மஞ்சளாகியிருக்கும். அவர் அன்று சாப்பிடவில்லை. வீட்டில் மனைவி கேட்டதற்கு, "அந்த ஆளுக்குப் பேரப் புள்ளைங்க இருக்காம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் வேன்காரம்மா நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கண்கள் உப்பியிருந்தன. கையில் ஒரு பாட்டில்.

"உங்க மேல தப்பே இல்லண்ணே. நீங்க மோந்து பாத்து அனுப்புன வண்டி. நான்தான் அந்த மேட்டுல அழுத்திட்டேன். இல்லன்னா இந்தப் பெட்ரோல்ல எதையோ கலந்திருக்கானுங்க. ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுது. நீங்க மோந்து சொல்லுங்க. கலப்படம்னா அந்த பங்க்காரன நான் விடறதா இல்ல."

பட்டறையில் வழக்கம்போலப் பேச்சு அடங்கியது. ஒரு தலையாட்டல் போதும்.

மூக்கர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தார். மூக்குவரை கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தினார். பிறகு அதை அவரிடமே நீட்டினார்.

"நீயே மோந்து சொல்லும்மா."

"எனக்கு என்னண்ணே தெரியும்?"

"எனக்கும் தெரியலம்மா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"வெளையாடாதீங்கண்ணே." அழுகைக்கு நடுவில் வேன்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூக்கர் பாட்டிலைக் கீழே வைத்தார். மேசையிலிருந்த கேஸ்கெட்டை இரண்டு கைகளாலும் எடுத்து வேன்காரம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தார். கருப்புக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.