மணவறைக்குப் பின்னால் ஓர் ஆந்தை

என் வான் வண்டிக்குள் கிடக்கும் சாமான்களில் மிகப் பழையது ஒரு கருஞ்சிவப்பு வெல்வெட் துணி. மணவறைக்குப் பின்னால் சுவரை மறைக்கக் கட்டுவது. அதன் இடது ஓரத்தில், என் முக உயரத்தில், ஒரு மடிப்பு நிரந்தரமாக விழுந்துவிட்டது. எத்தனை தரம் அயன் பண்ணினாலும் போகாது. அதை விரிக்கும்போதெல்லாம் ஓர் இத்தாலிய ஓவியரின் நினைவு வரும். கூடவே ஒரு பதற்றமும் வரும். பதற்றம் எனக்குப் புதிதல்ல. கனடாவில், மொன்றியல் நகரில் கலியாணங்களுக்கு மணவறை போடுவது என் தொழில். தாலி கட்டி முடியும்வரை மாப்பிள்ளையைவிட அதிகமாக வியர்ப்பவன் நான்தான்.

அங்கே செயின்ட்-மிஷேல் பகுதியில் ஓர் இத்தாலிய முதலாளியின் விருந்து மண்டபத்தில், மேடைக்குப் பின்சுவர் முழுக்க அந்த ஓவியர் வரைந்த படம் இருந்தது. கடலுக்குள் இறங்கும் ஓர் ஏணி. ஒரு பட்ட மரம். மரத்தடியில் ஆளுயர ஆந்தை. அதன் மஞ்சள் கண், நீங்கள் எந்த மேசையில் இருந்து சோறு சாப்பிட்டாலும் உங்களையே பார்க்கும். அவருக்கு ஆந்தை என்றால் எல்லோரும் தூங்கும்போது விழித்திருந்து காவல் காக்கும் உயிர். எங்கள் சனத்துக்கு ஆந்தை என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்காகத்தான் வெல்வெட் துணி.

அவர் தெற்கு இத்தாலியில் ஒரு மலையூரில் பிறந்தவர். இளவயதிலேயே அங்கே கண்காட்சி வைத்து, பெரிய ஆளாக வருவார் என்று ஊரார் நம்பிய பிள்ளை. "ஒன்றை வரைந்து இன்னொன்றைச் சொல்லாவிட்டால் அது படமில்லை, கடைப் பலகை" என்பார். இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டே ஆயுளைக் கழித்தார். இங்கே காட்சிக்கூடம் நடத்தியவர்கள் நிறங்கள் இதமாக இருக்கின்றன, சோபாவுக்குப் பொருந்தும் என்று புகழ்ந்து, படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவை ஓர் உறவினர் வீட்டு நிலக்கீழ் அறையில் அடுக்கியிருந்தன. ஒரு வசந்த காலத்தில் பனி உருகி, தண்ணீர் உள்ளே வந்து, அத்தனையும் ஊறிப்போயின. அதன்பின் அவர் வாழ்ந்ததற்கு அத்தாட்சியாக மிஞ்சியது இந்த ஒரு சுவர். அதை நான் சனிக்கிழமை தோறும் துணி போட்டு மூடினேன்.

நான் மூடுவதைப் பார்க்கவே அவர் வருவார். பழுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கடைசி மேசையில் அமர்ந்து, அழைப்பில்லாத விருந்தாளியாக வடை பாயசம் சாப்பிடுவார். பஸ்காரனிடம் வழி கேட்க மட்டுமே போதுமான என் பிரெஞ்சில் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. இடது ஓரத்தில் ஒரு கை அகலம் விட்டுக் கட்டு என்றார். "ஆந்தை பார்க்கட்டும். யார் யாருக்கு வாக்குக் கொடுக்கிறார்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும்." ஒரு கை அகலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று அன்றுமுதல் ஓரத்தை மடித்துக் குத்தினேன்.

வந்தது, ஒரு கலியாணத்தில், பெண்ணின் பெரியம்மா உருவில். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் இருந்து வந்திருந்தவர். ஆசீர்வாதத்துக்குச் சபையெல்லாம் சுற்றிய தாலி அப்போதுதான் மாப்பிள்ளையின் கைக்கு வந்திருந்தது. "பொறுங்கோ தம்பி, நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றார் ஐயர். அந்த அமைதியில் பெரியம்மாவின் குரல் எழும்பியது.

"ஆரடா அவன், சீலைக்குப் பின்னால நிண்டு பொம்பிளையைப் பாக்கிறவன்?"

"அம்மா, அது ஆளில்லை..." என்று நான் ஓடினேன்.

"கண் தெரியுது, ஆளில்லையோ? வெளியில வாடா!" என்று துணியைப் பிடித்து ஓர் இழுவை. கம்பி, துணி, பிளாஸ்டிக் பூ எல்லாம் சரிந்தன. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஆந்தை நின்றது.

அறிவுள்ளவன் துணியைத் தூக்கியிருப்பான். நான் அபசகுனத்தை அமுக்க ஒரே வழி மேளம்தான் என்று நினைத்து, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினேன். மேளகாரர் பழக்கத்தில் அடித்தார். மாப்பிள்ளை, பழக்கமில்லாததால், தாலியைக் கட்டிவிட்டார். பாதி மந்திரத்தில் ஐயரின் வாய் திறந்தபடி நின்றது. முகூர்த்தம் எங்களைத் தேடி வந்தபோது நாங்கள் பந்திக்குப் போய்விட்டோம்.

கடைசி மேசையைப் பார்த்தேன். ஓவியர் எழுந்து நின்றார். பெண்கள் கண்ணைப் பொத்துவதையும் பிள்ளைகள் அழுவதையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரியம்மா சும்மா விடவில்லை. இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டினம் என்று முதலாளியிடம் ஆங்கிலத்தில் எச்சரித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை நான் மண்டபத்துக்கு ஓடினேன். இரட்டைத் துணி போடுகிறேன், இரும்புக் கம்பி வைக்கிறேன், ஓரத்தில் ஊசி போகவும் இடம் விடமாட்டேன் என்று சொல்ல வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். சுவரில் சாத்திய ஏணியில் ஆள் நின்றது. ஓவியர்தான். சுவருக்கு வெள்ளை அடிக்க முதலாளி முடிவெடுத்ததும், வேறொருவன் கை படக்கூடாது என்று பெயின்ட் வாளியைத் தானே வாங்கிக்கொண்டாராம். கடல் போய்விட்டது. மரமும் போய்விட்டது. ஆந்தையைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"நாற்பது வருடமாகப் பார்த்தவர்கள் எல்லோரும் நிறம் நல்லது என்றார்கள்" என்றார், திரும்பாமலே. "அந்தப் பெரியம்மா ஒருத்திதான் என் படத்தை நம்பினாள்."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இறங்கிவந்து ஆந்தையின் கண்ணில் பெயின்ட் உருளையை வைத்தார். மஞ்சள் ஒருமுறையில் மறையவில்லை. மூன்றாவது பூச்சுக் கேட்டது.

அதன்பிறகு அவர் வடை சாப்பிடவும் வரவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கு நான் போனேன். கோயிலில் பாதிரியார் அவரைப் பற்றி நல்லதாகவே பேசினார். நல்ல பெயின்டர், எத்தனையோ வீடுகளுக்கு அடித்துக் கொடுத்தவர் என்றார். எழுந்து ஏதாவது சொல்ல நினைத்தேன். என் பிரெஞ்சு, என் வியர்வை. இருந்துவிட்டேன்.

அந்தச் சோடி பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி, பிள்ளை குட்டியோடு சுகமாக இருக்கிறது. ஆனாலும் அவர்களுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தால் போதும், "ஆந்தை பாத்த கலியாணம்தானே" என்பாராம் பெரியம்மா. முகூர்த்தம் தப்ப வைத்த என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. பழியை ஆந்தை சுமக்கிறது.

போன சனிக்கிழமையும் அதே மண்டபத்தில் அதே துணியைக் கட்டினேன். இடது ஓரம் தன்பாட்டில் மடிந்து நின்றது. "அண்ணை, அந்த மூலையை இழுத்து விடுங்கோ, சுவர் தெரியுது" என்றான் வீடியோக்காரன். எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். "தெரிஞ்சால் என்ன?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லைத்தான்" என்றான்.

மடிப்பை அப்படியே விட்டேன்.