அம்மாவின் காதுக்கு மூன்று பெயர்கள்

இந்த நாட்டில் கொட்டாவி விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாயைக் கையால் பொத்த வேண்டும், "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நானோ பெருவிரலால் வாய்மேல் சிலுவை போட்டுவிடுவேன். முல்லைத்தீவுக் கரையில் வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. திறந்த வாய்க்குள் பசாசு பூந்துவிடும் என்று கைக்குழந்தையின் கொட்டாவிக்கும் தாய்தான் சிலுவை போட்டுவிடுவாள். பிரான்சில் ஒரு நகரசபை நடத்தும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலைக் கூட்டத்தில் எனக்கு அப்படி ஒரு கொட்டாவி வந்தது. தலைமைத் தாதி பேச்சை நிறுத்தி, "கொரற்றி, உதட்டில் ஏதும் புண்ணா?" என்று கேட்டாள். "இல்லை, பிசாசு வராமல் இருக்க" என்றேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அந்த வாரமே என்னை ஒரு வைத்தியரிடம் அனுப்பினார்கள். உனக்குக் குரல்கள் கேட்பதுண்டா என்று அவர் அன்பாக விசாரித்தார். வேலை தேவைப்பட்டதால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லாயிசித்தே என்ற சொல்லை அதன்பிறகுதான் படித்தேன். அரசாங்கத்துக்கு மதம் கிடையாது, அரசாங்கச் சம்பளம் வாங்குபவர் வேலை நேரத்தில் தன் மதத்தைக் காட்டக்கூடாது என்பது அதன் பொருள். கழுத்துச் சிலுவையை உடுப்பு மாற்றும் அறையில், வெஸ்தியேர் என்பார்கள், கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் மாடிக்கு ஏற வேண்டும். இந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. மதம் பிடித்த ஓர் அரசாங்கத்தின் கீழே இருந்து பட்டவள் நான். ஆனால் இவர்களுடைய வேடிக்கையையும் சொல்லத்தான் வேண்டும். நான் இறங்கும் பஸ் தரிப்பிடத்துக்குப் புனிதர் ஒருவரின் பெயர். மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு நாடே விடுமுறை. எதற்கு விடுமுறை என்று கூட வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டேன். "கடற்கரைக்குப் போவதற்கு" என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாகிறவரின் காதில் இயேசு, மரி, சூசை என்று மூன்று பெயர்களைச் சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். சூசை என்பது மாதாவின் துணைவர் யோசேப்பு. நல்ல மரணத்துக்கு அவரைத்தான் மன்றாடுவோம். சுவாமியார் வந்து சாகிறவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசினாலும் சொல்வோம், வராவிட்டால் கட்டாயம் சொல்வோம். சொல்கிறவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும். தெரிந்த குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஆத்துமா வழி கண்டுபிடிக்குமாம்.

வன்னியில் கடைசிச் சண்டையில், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அப்பாவுக்கு ஷெல் துண்டு பட்டது. பங்கருக்குள் இழுத்து வந்து கிடத்தினோம். சுவாமியாரைத் தேடிப் போக வழியில்லை. அம்மா அவருடைய காதோடு வாயை வைத்து அந்தப் பெயர்களைக் கத்தினாள். வெளியே விழுந்துகொண்டிருந்த சத்தத்தில் காதுக்குள் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை அடைக்கும்வரை கத்தி, அவர் கண்களை மூடிவிட்டு, அதே கையால் என் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள்.

"எடி கொரற்றி, எனக்கு நீதான் சொல்லோணும். வேற ஆர் சொன்னாலும் எனக்கு விளங்காது. கேட்டியே?"

"ஓம் அம்மா, நான் சொல்லுவன்."

பக்கத்துப் பங்கரில் துணுக்காயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரர் மனைவியோடு இருந்தார். சைவக்காரர். இரண்டு நாள் கழித்து அவருக்கும் பட்டது. மனைவி மயங்கிக் கிடந்தாள். ஒரு மனிதன் காதில் ஒரு சொல்லும் இல்லாமல் போவதா என்று நானே குனிந்து எனக்குத் தெரிந்த மூன்று பெயர்களையும் சொன்னேன். பிறகு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்கட சாமியின்ர பேரை உன்னட்டை ஆரடி கேட்டது? அந்த மனுசன் முருகா எண்டு சொல்லிப் போக இருந்தவர். கடைசி மூச்சில அவரை வேதக்காரன் ஆக்கிப்போட்டாய்" என்றாள். நல்லது செய்யப் போனதற்கு இதுவா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

முகாமுக்கு வரும் வழியில் என் தம்பியையும் இழந்தோம். சோதனைச் சாவடியில் என் பையைக் கிளறிய சிப்பாய் செபமாலையைக் கண்டான். நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள வேதக்காரனாக இருக்க வேண்டும். அதை முத்தமிட்டுக் கவனமாக என் கையில் திருப்பித் தந்தான். விசாரிக்க என்று கூட்டிப்போன தம்பியைத் திருப்பித் தரவில்லை. மீள்குடியேற்றத்தின் பிறகு அம்மா தம்பியின் மனைவியோடு, என் மச்சாளோடு, முல்லைத்தீவுக் கரையிலுள்ள நாயாற்றுக்குப் போனாள். அம்மாவின் பிள்ளைகளில் மிஞ்சியவள் நான் ஒருத்தி. எல்லை எல்லையாகக் கடந்து இங்கே வந்து அகதியானேன். அகதிக் கடவுச்சீட்டில் எல்லா நாடும் போகலாம், விட்டு வந்த நாட்டைத் தவிர.

இல்லத்தில் மதாம் லூசியென் என்று ஒரு கிழவி. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். தாய் தகப்பன் இல்லாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள், மூன்றாம் மாடியில் என் பொறுப்பில் இருந்தாள். நாக்கு கத்தி. காலைக் கோப்பி ஆறிவிட்டால், "உங்கள் நாட்டில் பிணத்துக்குத்தான் இதைக் கொடுப்பார்களா?" என்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி மூச்சு மாறியது. சாகிற மூச்சில் சேடம் இழுக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, தேவைக்கு மேல் கேட்டாயிற்று. பிள்ளை குட்டி இல்லாதவள். வைத்தியர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அறையில் நானும் அவளும்தான். பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்து, காதில் அந்த மூன்று பெயர்களையும் சொன்னேன்.

அவள் சாகவில்லை. அந்த வாரமே எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டாள், சூப்பில் உப்பில்லை என்றாள், பிறகு என்மேல் முறைப்பாடு கொடுத்தாள். லாசருவும் கல்லறையிலிருந்து எழும்பினவன்தான், ஆனால் அவன் முறைப்பாடு கொடுத்ததாக வேதாகமத்தில் இல்லை.

நிர்வாகியின் அறைக்கு அவளைத் தள்ளுகதிரையில் நானே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கே அவள் சத்தம் போடவில்லை. "சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் என்னை முழங்காலில் நிறுத்திச் சொல்லவைத்த பெயர்கள் அவை. மரி எந்த மொழியிலும் மரிதான். அந்த மடத்திலிருந்து வெளியே வந்த அன்று, இனி ஒருவரும் அவற்றை என் காதில் போடக்கூடாது என்று முடிவெடுத்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் கேட்டது, கொரற்றி. கையைத் தூக்க முடியவில்லை. என்னால் அசைய முடியாத நேரம் பார்த்து நீ அதைச் செய்தாய்" என்றாள்.

எனக்குத் துணுக்காய்க்காரியின் முகம் வந்துபோனது. மன்னிப்புக் கேட்டேன். மனதார என்று சொன்னால் பொய், பயத்தால் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. நிர்வாகி நல்ல பெண், குரலை உயர்த்தாமலே பேசினாள். "இந்தச் சுவர்களுக்குள் இனி இது நடக்கக்கூடாது. இன்னொருமுறை நடந்தால் உங்களை வைத்திருக்க என்னால் முடியாது" என்றாள். நான் தலையாட்டினேன்.

வன்னியில் நாங்கள் சட்டம் படித்த விதம் வேறு. இந்தக் கோட்டைத் தாண்டாதே என்று சொன்னால் கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிடுவோம். கோட்டில் போய் நின்று, இது கோடா இல்லையா என்று கேட்டவர்கள் இன்று இல்லை. ஆகவே அன்றிலிருந்து சிலுவையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மனதுக்குள் சொல்கிற செபத்தையும் நிறுத்தினேன். கோயில் மணிச் சத்தம் வைத்திருந்த கைத்தொலைபேசியை ஊமையாக்கினேன். தெரு வாசலின் படலைக் கதவைத் தாண்டினால் கிறிஸ்தவள், உள்ளே வந்தால் ஒன்றுமில்லாதவள் என்று பழக்கிக்கொண்டேன்.

அம்மாவுக்குக் கண் மங்கல் என்றாலும் வட்ஸ்அப்பில் என் கழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"எங்கையடி சிலுவை?"

"வேலையிடத்தில ஆகாதாம் அம்மா."

"ஆமிக்காரன்கூடக் கழட்டச் சொல்லேல்லை. வெள்ளைக்காரன் கழட்டிப்போட்டான்." கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "எனக்குச் சொல்லுறதுக்கும் அவங்களிட்டை அனுமதி கேப்பியோ?" என்றாள்.

"சும்மா இருங்கோ அம்மா. எந்த நேரமெண்டாலும் மச்சாளைப் போன் எடுக்கச் சொல்லுங்கோ, நான் சொல்லுவன்" என்றேன். போன் எடுத்தால் போதும் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

மாசியில் ஒரு முற்பகல். மதாம் லூசியெனைக் கட்டிலில் ஒருபக்கம் புரட்டிவிட்டு விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. மச்சாள்.

"மச்சாள், மாமிக்குச் சேடம் இழுக்குது. சுவாமி வந்து அவஸ்தை பூசிப்போட்டார். கண் உங்களைத்தான் தேடுது. போனைக் காதில வைக்கிறன், சொல்லுங்கோ."

"பொறு, பொறு, வெளியில வாறன்."

"வெளியிலயோ? ஏன் மச்சாள்? இப்பவே சொல்லுங்கோவன்!"

விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். லிப்ட் வாசலில் ஒரு கிழவரைத் தள்ளுகதிரையோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியால் இறங்கினேன். தொலைபேசி என் காதோடு இருந்தது, மறுபக்கத்தில் அது அம்மாவின் காதோடு இருந்தது. இடையில் இருந்தது அவளுடைய மூச்சு மட்டும்தான். வீட்டுக் கரையில் கல்லில் இழுபடுகிற வள்ளம் மாதிரி ஒரு இழுவை, பிறகு நிற்கும், பிறகு மறுபடி ஒரு இழுவை. மறதிக் கிழவர்கள் வெளியே போய்விடாமல் இருக்கக் கீழ்க் கதவுக்கு இலக்கப் பூட்டு போட்டிருக்கிறார்கள். வருடக்கணக்கில் நான் அமத்துகிற இலக்கம். அவசரத்தில் தவறாக அமத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அமத்தினேன். கதவு திறந்தது. தோட்டத்துப் பாதையில் பனிக்கட்டி. பாதி வழியில் மூச்சு நின்றது, அடுத்த இழுவைக்காகக் காத்துக்கொண்டே ஓடினேன், அது வரவில்லை. படலையைத் தாண்டித் தெருவில் கால் வைத்தபோது மச்சாளின் அழுகை கேட்டது.

"மாமி எங்களை விட்டிட்டுப் போட்டா மச்சாள்."

தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு தெருவோரத்தில் நின்றேன். மச்சாள்தான் மூக்கை உறிஞ்சிவிட்டு, "காது கடைசியிலதானாம் சாகும். போனை எடுக்கேல்லை, காதிலதான் இருக்குது. இப்பவாவது சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். மெதுவாகத் தொடங்கியது எப்படிக் கத்தலானது என்று எனக்குத் தெரியாது. இங்கே ஷெல் எதுவும் விழவில்லை, ஒரு குப்பை லொறி மட்டும் போய்க்கொண்டிருந்தது. இயேசு, மரி, சூசை. இயேசு, மரி, சூசை. என் வாய் பிரான்சில் ஒரு நடைபாதையில், அம்மாவின் காது நாயாற்றில் ஒரு பாயில். நாயோடு வந்த ஒரு மனிதர் நின்று, "மெதுவாக, மதாம். தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார். நான் யாரையோ தொலைபேசியில் ஏசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவருக்காக நிறுத்தவில்லை.

இறந்தவருக்குச் செய்ய அந்தியேட்டி, எட்டுச் செலவு என்று எங்களூரில் சைவர்களுக்கும் வேதக்காரர்களுக்கும் வெவ்வேறு முறைகள் உண்டு. எனக்குக் கிடைத்தது சட்டப்படியான சில நாள் லீவு. அது முடிந்து வேலைக்கு வந்ததும் நிர்வாகி கூப்பிட்டு, இரண்டு கைகளையும் பிடித்து அனுதாபம் சொன்னாள். அந்தக் குளிரில் மேற்சட்டையும் இல்லாமல் ஏன் தெருவுக்கு ஓடினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவளுடைய முகம் வெளிறிவிட்டது.

"உங்கள் தாய்க்குத் தொலைபேசியில் செபம் சொல்வதை யார் தடுத்தார்கள்? அது உங்கள் சொந்த விஷயம், கொரற்றி. வெஸ்தியேரில் நின்று சொல்லியிருக்கலாம். மாடிப்படியிலேயே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இங்கே இருக்கிற முதியவர்களுக்குச் செய்வதைப் பற்றி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்டிருக்கலாம். அவள் பொய் சொல்லவில்லை, சட்டமும் அவள் சொன்ன மாதிரித்தான் இருக்கிறது. அவளை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அம்மாவின் கடைசி மூச்சுக்களைப் படிகளில் இறைத்தது பிரெஞ்சு அரசாங்கம் இல்லை, நான் கொண்டுவந்த வன்னிப் பயம். உங்களில் யாராவது இங்கே வருவதாக இருந்தால் சிலுவையைக் கொண்டு வாருங்கள், அதைக் கழற்ற வேண்டிய இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டதற்காக இங்கே யாரும் காணாமல் போவதில்லை. இதை நான் பிந்தித்தான் படித்தேன்.

அங்கிருந்து நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். மதாம் லூசியென் யன்னலோரக் கதிரையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் படலை தெரியும். தலை வாரச் சொன்னாள். வாரத் தொடங்கினேன்.

"அன்றைக்குப் பாதிக் கட்டிலில் என்னை விட்டுவிட்டு ஓடிப்போய், வாசலில் யாரோடு சண்டை பிடித்தாய்?"

"சண்டையில்லை, மதாம். என் அம்மாவோடு பேசினேன்."

"அவ்வளவு சத்தமாகவா? அவளுக்குக் காது கேட்காதா?"

"செத்துப்போயிருந்தாள்."

கிழவியின் தலையைத் தொடர்ந்து வாரினேன். அவளுடைய மயிர் மெல்லியது, சீப்பில் நிற்காது. பிறகு கிழவி யன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அதே பெயர்களா?"

"அதே பெயர்கள்தான்."

"அப்படியென்றால் நல்லது," என்றாள். "அவள் முறைப்பாடு கொடுக்கமாட்டாள்."

"கொடுப்பாள், மதாம்," என்றேன். "பிந்திச் சொன்னேன் என்று."