ரெஜிஸ்டர் வேலை முடிந்த பிறகு

ஏறக்குறைய ஒரு வருடம் நான் ஒரே பிரச்சினையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும்; ஆபீஸில் அவற்றை விஎம் என்போம். ஒவ்வொன்றும் பிராசஸர் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். அவற்றுக்குப் பிராசஸரைப் பங்கிட்டுத் தரும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். என் வேலை அதில்தான்.

தன் நினைவகம் எங்கே இருக்கிறது, பிழை வந்தால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் ஒரு மெய்நிகர் கணினி, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் ரெஜிஸ்டர்கள் என்ற சின்னச் சேமிப்பிடங்களில் வைத்திருக்கும். அது ஏதாவது சின்னக் காரியத்துக்காக ஹைப்பர்வைசரிடம் வந்தாலும், எங்கள் பழைய முறையில் அத்தனை ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தில் எழுதி வைப்போம். அது திரும்பிப் போகும்போது மறுபடி ஏற்றுவோம். பெரும்பாலும் உடனே ஓடப்போவது அதே கணினிதான். இறக்கியதும் வீண், ஏற்றியதும் வீண். வேறொரு கணினிக்கு அந்த இடம் தேவைப்படும்வரை ரெஜிஸ்டர்களை பிராசஸரிலேயே விட்டுவைப்பதுதான் நான் செய்த மாற்றம். சொல்ல எளிது. எதை விட்டுவைக்கலாம், எதை விடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குள் தலைமுடி கொட்டிவிட்டது.

மாற்றம் சேர்க்கப்பட்டது. வேகம் கூடியது. மேனேஜர் எல்லோருக்கும் கேக் வரவழைத்தார். அந்த மாதம் முடிவதற்குள், நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண் வீடியோ காலில் வந்து, என் பதவி இனி தேவையில்லை என்று கனிவாகச் சொன்னார். பேசி முடிக்கும்போதே லேப்டாப் பூட்டிக்கொண்டது. என் தவறு எதுவும் இல்லை என்று இரண்டு முறை சொன்னார். தவறு இருந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும் என்று தோன்றியது.

அதன் பிறகு விவேக் நகர் வீட்டில் பகல் பொழுதுகள் நீளமாகிப்போயின. என் கணவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவர் கிளம்பிய பிறகு தெருவில் பஸ் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டம்மா, "லீவா மேடம்?" என்று கேட்டால் ஆமாம் என்பேன்.

ஒரு சனிக்கிழமை மாலை என்னோடு வேலை பார்த்த பெண் வந்தாள். ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் கன்னடம் எட்டிப்பார்க்கும், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். அலுவலக மேசையில் நான் விட்டுவந்த சால்வையையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். என் கணவர் காபி போட்டுக் கொடுத்தார். அவள் குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடி இருந்தாள். முகம் இளைத்திருந்தது.

"ஆபீஸ்ல எல்லாம் எப்படிப் போகுது?" என்று நான்தான் கேட்டேன்.

"போகுதுக்கா. ஸ்வல்ப கஷ்டம்தான். நான் அதுக்காக வரல," என்றாள்.

"எதுக்காக?"

"உங்க ரெஜிஸ்டர் வேலைய எங்கிட்ட கொடுத்துட்டாங்க. எப்பவாவது ஒரு விஎம் செத்துப்போகுது. ஏன்னு கண்டுபிடிக்க முடியல. அடுத்த லிஸ்ட்ல நான்தான்னு பேசிக்கிறாங்க."

என் கணவர் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஏம்மா, வேண்டாம்னு அனுப்புன எடத்துக்கு இவ இன்னும் எதுக்கு வேலை பாக்கணும்?"

அவள் உடனே எழுந்துகொண்டாள். "சார் சொல்றது சரிதான்க்கா. நான் கிளம்புறேன்."

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. எத்தனையோ பகல்களில் நானே அதை மனதுக்குள் சொல்லியிருக்கிறேன், இன்னும் மோசமான வார்த்தைகளில். ஆனால் அவள் எழுந்த வேகத்தில் காபி கொஞ்சம் தரையில் சிந்தியது. அதைத் துடைக்க அவள் கைக்குட்டையைத் தேடினாள். எனக்குத் தாங்கவில்லை.

"உக்காரு. எப்படிச் சாகுது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

"சம்பந்தமே இல்லாத அட்ரஸுக்குத் தாவுது."

"நாம வெளிய இருந்து ஒரு எர்ரரை விஎம்முக்குள்ள அனுப்புறப்பவா?"

யோசித்தாள். "ஆமாக்கா. மெமரி எர்ரர் அனுப்புற அந்தப் புதுப் பகுதி. நீங்க போனப்புறம் வேற டீம் சேத்தாங்க."

"அதுல ரெஜிஸ்டரை நேரா மெமரில இருந்து படிக்கிறாங்களான்னு பாரு. இப்போ சரியான மதிப்பு பிராசஸர்லதான் இருக்கும். மெமரில இருக்கறது பழசு. அந்தப் பழைய அட்ரஸை நம்பி அனுப்புனா எங்கயோ போய்த்தான் விழும். ரெஜிஸ்டர் பிராசஸர்ல ஏறியிருக்கான்னு முதல்ல கேக்கணும். ஏறியிருந்தா பிராசஸர்ல இருந்தே படிக்கணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது என் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு ஆட்டோ ஏறினாள்.

நான் சொன்ன இடத்தில்தான் பிழை இருந்தது. அவள் வேலையும் தப்பியது. நான் உதவியதை மேனேஜரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் எனக்கு போன் செய்து, சில மாத ஒப்பந்தத்தில் வந்து மற்ற பகுதிகளையும் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

என் கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "யாரு?"

"பழைய ஆபீஸ். வேண்டாம்னுட்டேன்."

கையிலிருந்த தாளில் மதிப்பெண்ணைப் போட்டு முடித்தார். "அன்னைக்கு அந்தப் பொண்ணு முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்."

"நீங்க பேசுனது சரிதான்," என்றேன். "நான் செஞ்சதும் சரிதான்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

சில மாதம் கழித்து ஹெப்பகோடிப் பக்கம், ஆலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்காணலில், கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். பழைய ஆபீஸ் வழக்கத்தில் "நாங்க" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "நான்" என்று மாற்றிக்கொண்டேன். கேட்டவர் அதைக் கவனிக்கவில்லை. மேலே சொல்லுங்கள் என்பதுபோல் பேனாவை அசைத்தார்.